வேடத்தின் வயதும் நடிகரின் வயதும்



1988-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 2-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் தூர்தர்ஷனில் மகாபாரதத் தொடர் தொடங்கிற்று. அப்பொழுது நான் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் ஆசிரியனாக இருந்தேன். ஊருக்குப் பொதுவான தொலைக்காட்சிப் பெட்டி ஊராட்சி மன்றக் கட்டடத்தில் இருந்தது. ஞாயிறுதோறும் அதன் முன்னே பாய் விரித்து ஊரே அமர்ந்துவிடும். உரையாடல் இந்தியில் இருந்தது. எங்களுள் ஒருவருக்கும் இந்தி தெரியாது. ஆயினும் கதை தெரியாதவர் எவரும் இல்லை. ஆகவே மொழி ஒரு தடையாகத் தோன்றவில்லை.

சில வாரங்களுக்குப் பின் வெண்தாடியும் வெண்முடியுமாகப் பீஷ்மர் திரையில் வந்து நின்றார். என் அருகில் இருந்த மூதாட்டி ஒருவர் கைகுவித்து வணங்கினார். பின்னர் என்னிடம் திரும்பி, “இந்தத் தாத்தாவுக்கு என்ன வயசு இருக்கும், வாத்தியாரே?” என்று வினவினார். கதைப்படி நூறுக்கும் மேலிருக்கும் என்றேன். “அதுதான் மூஞ்சியிலேயே தெரியுதே” என்று அவர் நிறைவோடு சொன்னார்.

அந்த வேடம் தாங்கிய முகேஷ் கன்னா 1958-ஆம் ஆண்டில் பிறந்தவர். அஃதாவது அன்று அவருக்கு 30 வயது. எனக்கு அப்பொழுது 28. இந்தச் செய்தியைப் பிற்பாடு ஒரு வார இதழில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு பெரிது. ஏறத்தாழ என் வயதினர் ஒருவரை நானும் அந்த மூதாட்டியும் நூறு வயதுக் கிழவராகவே கண்டு வணங்கியிருக்கிறோம்! திரையில் ஒரு மனிதருக்குக் கூறப்படும் வயதுக்கும் அவர் முகம் காட்டும் வயதுக்கும் உள்ள உறவு எத்தகையது என்று அன்று முதல் நான் குறித்துவரலானேன். வரலாற்று ஆசிரியனுக்கு இத்தகைய சிறு பொருள்களிலும் ஒரு பற்று உண்டாகிவிடுகிறது. அவ்வாறு தேடிக் கண்டவற்றுள் சிலவற்றை இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

வயதை மாற்றி வேடம் புனைவது நாடகத்தோடு பிறந்த வழக்கம். இங்கிலாந்தில் 1660-ஆம் ஆண்டு வரை பொது நாடக மேடையில் பெண்கள் தொழில்முறையாக நடித்ததில்லை. ஷேக்ஸ்பியரின் அரசிகளாகக் குரல் உடையாத சிறுவர்களே தோன்றினர். நம் நாட்டிலும் பாய்ஸ் கம்பெனிகள் நடந்த காலத்தில் பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவர்கள் முடிசூடிய மன்னர்களாக ஆண்டனர். 1940-களில் தி. க. சண்முகம் ஔவையாராக மேடையேறியபோது அவர் முப்பது வயதை ஒட்டிய ஆடவர். அவ்வேடம் மக்கள் நெஞ்சில் எவ்வளவு ஆழமாகப் பதிந்தது என்பதற்கு ‘ஔவை சண்முகம்’ என்று அவருக்கு நிலைத்துவிட்ட பெயரே சான்று.

மேடைக்கு ஒரு நல்வாய்ப்பு இருந்தது. காண்போன் தொலைவில் இருந்தான். முகத்தில் இட்ட கோடு சுருக்கமாகவும், தலையில் தூவிய மாவு நரையாகவும் அவன் கண்ணுக்குத் தெரிந்தன. திரைப்படம் வந்து முகத்தை அருகே கொணர்ந்தது. தொலைக்காட்சியோ அந்த முகத்தை நம் வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தது. அதனினும் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. நாடகம் ஓர் இரவில் முடியும். திரைப்படம் மூன்று மணி நேரத்தில் முடியும். தொலைக்காட்சித் தொடரோ வாரந்தோறும் வந்து ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு நீள்கிறது. இவ்வளவு அருகில், இவ்வளவு காலம், ஒரு பொய் வயதை எவ்வாறு காப்பாற்றினார்கள்?

தொடக்கத்தில் கருவியின் குறைபாடே துணை செய்தது. 1936-ஆம் ஆண்டு நவம்பரில் பி. பி. சி. நிறுவனம் இலண்டனில் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கிற்று. விரைவில் அதன் படம் 405 கோடுகளால் அமைவது என்று நிலைபெற்றது. ஒரு முகத்தை 405 கோடுகளில் வரைந்தால் நுண்ணிய சுருக்கங்கள் எங்கே தெரியும்? 1964-இல் 625 கோடுகள் வந்தன. 1967-இல் வண்ணம் வந்தது. இக்காலத்து உயர்தெளிவுப் படம் 1080 கோடுகளால் ஆனது. கோடுகள் பெருகப் பெருக ஒப்பனைக் கலைஞருக்கு வேலை கடினமாயிற்று. 405 கோட்டுக் காலத்தில் நடந்த பலவற்றை இன்று எவரும் துணிந்து செய்யமாட்டார்.

அக்காலத்து எடுத்துக்காட்டு ஒன்றைப் பாருங்கள். 1962-ஆம் ஆண்டு ஜனவரியில் பி. பி. சி. ஒரு சிறு நகைச்சுவை நாடகத்தை ஒளிபரப்பிற்று. இலண்டனில் குதிரை வண்டியில் பழைய சாமான் வாங்கி விற்கும் ஒரு கிழத் தந்தையும் அவருடைய மகனும் அதன் மாந்தர்கள். ரே கால்ட்டன், ஆலன் சிம்சன் என்னும் இருவர் எழுதியது. மக்கள் விரும்பவே அது ‘ஸ்டெப்டோவும் மகனும்’ என்ற பெயரில் தொடராகி, இடையில் சில ஆண்டுகள் நின்று, 1974 வரை நடந்தது. தந்தையாக நடித்த வில்ஃபிரிட் பிராம்பெல் 1912-இல் பிறந்தவர். மகனாக நடித்த ஹாரி கார்பெட் 1925-இல் பிறந்தவர். தந்தைக்கும் மகனுக்கும் இடையே பதின்மூன்றே ஆண்டுகள்! முதல் நாடகம் வந்த அன்று தந்தைக்கு வயது 49, மகனுக்கு 36. கதையில் தந்தை அறுபதைக் கடந்த கிழவர்.

பிராம்பெல் இதனைப் பெரும்பாலும் மாவும் மையும் கொண்டு செய்யவில்லை. பல நாள் மழிக்காத முகம், கிழிந்த கையுறை, கூனிய தோள், சொத்தைப் பற்கள் போலச் செய்த ஒரு பொய்ப் பல் தொகுதி ஆகியவையே அவருடைய கருவிகள். நேரில் அவர் மிகத் தூய்மையாக உடுத்தும் நாகரிகர். 1964-இல் பீட்டில்ஸ் பாடகர்களின் திரைப்படம் ஒன்றில் பால் மெக்கார்ட்னியின் பாட்டனாராக அவரையே அமர்த்தினார்கள். ‘பேரனுக்கு’ 22 வயது, ‘பாட்டனாருக்கு’ 52. அந்தப் படம் முழுதும், இந்தக் கிழவர் எவ்வளவு தூய்மையாக இருக்கிறார் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். தொலைக்காட்சியில் அவரை அழுக்குக் கிழவராகக் கண்டிருந்த மக்களுக்கு அதன் நகைச்சுவை உடனே விளங்கிற்று. மெய்வாழ்வில் முதலில் மறைந்தவர் மகனே. கார்பெட் 1982-இல் 57-ஆம் வயதில் இறந்தார். மும்மூன்று ஆண்டு என்று எண்ணத் தேவையில்லை. அடுத்த மூன்றாம் ஆண்டின் தொடக்கத்திலேயே, 1985 ஜனவரியில், தம் 72-ஆம் வயதில் ‘தந்தை’ மறைந்தார்.

இதனினும் சுவையான வரலாறு ‘டாட்ஸ் ஆர்மி’ என்னும் தொடருக்கு உண்டு. அப்பாக்களின் படை என்பது அப்பெயரின் பொருள். இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்; ஏனெனில் இதற்கும் வானொலிக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. 1940-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள் பிரிட்டனின் போர் அமைச்சர் அந்தோணி ஈடன் வானொலியில் பேசினார். ஜெர்மானியப் படை ஐரோப்பாவில் விரைந்து முன்னேறிக்கொண்டிருந்த நேரம் அது. 17 முதல் 65 வயது வரை உள்ள, படையில் சேராத ஆடவர் ஊர்க்காவலுக்கு முன்வர வேண்டும் என்று அவர் வேண்டினார். இளைஞர்கள் பலர் முன்பே படையில் சேர்ந்துவிட்டதால் ஊர்க்காவலுக்கு வந்தவருள் முதியோர் மிகுதி. அவ்வாறு சேர்ந்த சிறுவருள் ஒருவர் ஜிம்மி பெரி. அவர் வளர்ந்தபின், டேவிட் கிராஃப்ட் என்பவரோடு சேர்ந்து அந்த ஊர்க்காவற் படையையே நகைச்சுவைத் தொடராக எழுதினார். 1968 முதல் 1977 வரை 80 பகுதிகள் வந்தன.

அந்தப் படையின் முதுகிழவர் கார்ப்பரல் ஜோன்ஸ். ஊரில் இறைச்சிக் கடை வைத்திருப்பவர். எழுபது வயதை எட்டியவர். இளமையில் சூடானில் கிச்சனர் தளபதியின் கீழ்ப் போரிட்டதை ஓயாமல் எடுத்துரைப்பவர். சூடானின் பெரும்போர் நடந்தது 1898-இல் அல்லவா? கணக்கிட்டால் 1940-இல் அவர் அறுபதுக்குக் குறையமுடியாது. இந்த வேடத்தைத் தாங்கிய கிளைவ் டன்னுக்கு அப்போது வயது 48 மட்டுமே! அதே படையில் சாதுவான முதியவராக வரும் ஆர்னல்டு ரிட்லிக்கு 72 வயது. கடுமொழி பேசும் ஸ்காட்லாந்துக்காரராக வரும் ஜான் லாரிக்கு 71. மெய்யான முதியோர் இருவர் அருகிருக்க, அவர்களை விடக் கிட்டத்தட்ட கால் நூற்றாண்டு இளையவர் அவர்களுக்கெல்லாம் மூத்தவராக நடித்தார். இதன் காரணம் எளியது. ஜோன்ஸ் ஏணியில் தொங்குவார், கூரையிலிருந்து வழுக்குவார், அணிவகுப்பில் எல்லாரும் திரும்பியபின் ஒரு நொடி தாழ்த்தித் துள்ளித் திரும்புவார். எழுபது வயதுக் கிழவரைக் கொண்டு எழுபது வயதுக் கிழவரின் தடுமாற்றத்தை வாரந்தோறும் எடுக்க முடியுமா? உடல் வலுவுள்ளவனால்தான் தள்ளாமையைத் திரும்பத் திரும்ப நடிக்க முடியும்.

இன்னொரு செய்தி. அந்தப் படையின் தலைவராக நடித்த ஆர்தர் லோவைவிட, அவருக்குக் கீழ் சார்ஜெண்டாக நடித்த ஜான் லெ மெஷூரியர் மூன்று ஆண்டு மூத்தவர். ரிட்லியோ முதல் உலகப் போரில், 1916-இல் சோம் ஆற்றுப் போர்க்களத்தில் படுகாயமுற்றவர். அவருடைய இடக்கை பிற்காலம் முழுதும் சரியாக வழங்கவில்லை. ஆனால் அவருக்கு அளித்த வேடம் எது தெரியுமா? முதல் உலகப் போரில் துப்பாக்கி ஏந்த மனம் ஒப்பாமல் மறுத்த மனிதரின் வேடம்! டன்னும் போர் கண்டவரே. 1941-இல் கிரேக்க நாட்டில் சிறைப்பட்டுப் போர்க் கைதியாக நான்கு ஆண்டுகள் கழித்தவர். நகைச்சுவை என்று நாம் சிரித்துவிட்டுப் போகும் முகங்களுக்குப் பின்னே இத்தனை வரலாறு இருக்கிறது.

வயதைக் கூட்டும் கலையில் வல்லவர் என்று ஒருவரைக் குறிப்பிட வேண்டுமானால் அமெரிக்கரான டிக் சுமித்தைச் சொல்லவேண்டும். 1945-இல் என். பி. சி. தொலைக்காட்சி நிலையத்தில் ஒப்பனைத் துறைக்குத் தலைவராகச் சேர்ந்தவர் அவர். கிழப்பருவத்தைக் கோடு போட்டுக் காட்டுவது போதாது என்று கண்டு, நெற்றிக்கு ஒன்று, கன்னத்துக்கு ஒன்று, மோவாய்க்கு ஒன்றாக மெல்லிய ரப்பர்த் துண்டுகள் செய்து, அவற்றை ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு ஒட்டும் முறையை வளர்த்தார். முகம் அசையும்போது பொய்த்தோலும் உடன் அசைந்தது.

ஹால் ஹோல்ப்ரூக் என்னும் நடிகர் தொலைக்காட்சியில் தோன்றியபோது அவருக்கு ஒப்பனை செய்தவர் இந்தச் சுமித்தே. ஹோல்ப்ரூக்கின் கதையை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். 1954-ஆம் ஆண்டு, பென்சில்வேனியாவில் ஓர் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில், எழுத்தாளர் மார்க் ட்வெயின் வேடத்தில் அவர் தனியொருவராக மேடையேறினார். அன்று அவருக்கு வயது 29. ட்வெயினோ எழுபது வயதினராகக் காட்சியளிக்கவேண்டும். வெண்ணிறக் கோட்டும் நரைமீசையும் சுருட்டுமாக அவர் நின்றார். அந்த ஒரே வேடத்தை அவர் அறுபதாண்டுகளுக்கு மேல் விடாது நடித்தார். 1967-இல் அது தொலைக்காட்சியில் வந்தபோது அவருக்கு 42 வயது. காலம் சென்றது. ஒட்டுச் சுருக்கங்கள் ஒவ்வொன்றாகத் தேவையற்றுப் போயின. எழுபது வயதை அவரே எட்டினார். பிறகு அதனைக் கடந்தார். மார்க் ட்வெயின் இறந்தது 74-ஆம் வயதில். ஹோல்ப்ரூக் அந்த வேடத்தைக் கைவிட்டபோது, 2017-இல், அவருக்கு 92. கிழவராவதற்கு ஒப்பனை செய்துகொண்டவர், இறுதியில் தம்மினும் இருபதாண்டு இளைய ஒரு கிழவராக நின்று பேசினார். இத்தகைய வாழ்வு வேறு எந்தத் தொழிலில் அமையும்?

இங்கே ஆடவர் கதை முடிந்தது. பெண்டிர் கதை இவ்வளவு இனிமையானதன்று. ஆடவர் முதுமையை விரும்பி ஏற்றனர். பெண்டிர்மீது அது ஏற்றப்பட்டது. ஏஞ்சலா லான்ஸ்பரி என்னும் நடிகை 1962-இல் ஒரு திரைப்படத்தில் லாரன்ஸ் ஹார்வியின் தாயாக நடித்தார். தாய் மகனைவிட மூன்றே ஆண்டு மூத்தவர். தொலைக்காட்சியிலும் இதே நிலைதான். 1951-இல் தொடங்கிய ‘ஐ லவ் லூசி’ என்னும் புகழ்பெற்ற தொடரில் அண்டை வீட்டுத் தம்பதியராக வந்த இருவருள் கணவருக்கு 64 வயது. மனைவியாக நடித்த விவியன் வான்சுக்கு 42. தம் தந்தையாக இருக்கத்தக்கவரைக் கணவர் என்று காட்டுகிறார்களே என அவர் மனம் நொந்தார். கதைத் தலைவியாக நடித்த லூசில் பால் அவரினும் இரண்டே ஆண்டு இளையவர். ஒருத்தி இளம் மனைவி, மற்றொருத்தி முதிர்ந்த பெண். இரண்டு ஆண்டு இடைவெளியில் இத்தனை வேறுபாடு! 1985-இல் தொடங்கிய ‘கோல்டன் கேர்ள்ஸ்’ தொடரில் எண்பதை ஒட்டிய தாயாக வந்த எஸ்டெல் கெட்டி, அவருக்கு மகளாக நடித்த பீ ஆர்தரைவிட ஓராண்டு இளையவர். தாய்க்கு 62, மகளுக்கு 63. இதைக் கேட்டு நகைக்கலாம். எனினும், முதிய பெண்கள் நால்வரைக் கதையின் நடுவில் நிறுத்தி ஏழாண்டு நடத்திய தொடர் அது என்பதையும் சொல்லவேண்டும்.

இனி உங்கள் பருவத்துக்கு வருகிறேன். உண்மையில் இதைச் சொல்வதற்காகவே இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

முதியவரைக் காட்ட இளையவரை அமர்த்தும் தொலைக்காட்சி, மாணவரைக் காட்ட வளர்ந்தவரை அமர்த்துகிறது. 1990-இல் அமெரிக்காவில் ‘பெவர்லி ஹில்ஸ் 90210’ என்ற தொடர் தொடங்கிற்று. உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் கதை. அதில் 16 வயது மாணவியாக நடித்த கேப்ரியல் கார்ட்டெரிசுக்கு மெய்யான வயது 29. சக மாணவராக வந்த லூக் பெரிக்கு ஏறத்தாழ 24. அந்த வகுப்பறையில் பாடம் நடத்துவதற்கே தகுதியான வயதினர் மாணவர் வரிசையில் அமர்ந்திருந்தனர்!

இதற்கு அழகு மட்டுமே காரணம் என்று எண்ணவேண்டா. சட்டமும் ஒரு காரணம். அந்தச் சட்டத்துக்கு ஒரு துயரக் கதை உண்டு. 1921-இல் சார்லி சாப்ளினின் ‘தி கிட்’ என்னும் மௌனப் படத்தில் ஒரு சிறுவன் தோன்றி உலகையே அழவைத்தான். அவன் பெயர் ஜாக்கி கூகன். சிறுவயதில் அவன் பல இலட்சம் டாலர் ஈட்டினான். வயது வந்தபின் தன் பணத்தைக் கேட்டபோது தாயும் மாற்றாந்தந்தையும் அதில் பெரும்பகுதியைச் செலவழித்துவிட்டிருந்தனர். 1938-இல் அவர் வழக்குத் தொடுத்தார். கைக்கு வந்தது ஒரு சிறு பகுதியே. ஏனெனில் அக்காலச் சட்டப்படி பிள்ளையின் வருமானம் பெற்றோருடையது. இந்த அநீதியைக் கண்டு கலிபோர்னியா மாநிலம் 1939-இல் ஒரு சட்டம் இயற்றிற்று. குழந்தை நடிகரின் வருவாயில் ஒரு பகுதியை அவர் பெயரில் காத்துவைக்க வழி செய்த அதனைக் கூகன் சட்டம் என்றே இன்றும் வழங்குவர். அதனுடன், 18 வயது நிரம்பாதவர் நாளொன்றுக்கு இத்தனை மணி நேரமே படப்பிடிப்பில் இருக்கலாம் என்றும், பள்ளிப் பருவத்தினருக்கு அங்கேயே ஆசிரியரை அமர்த்திக் கல்வி கற்பிக்கவேண்டும் என்றும் விதிகள் உள்ளன. மிக நல்ல விதிகள். ஆயின் பட முதலாளி என்ன கணக்குப் போடுவார்? பதினாறு வயதுப் பிள்ளையை அமர்த்தினால் நேரக் கட்டுப்பாடு, ஆசிரியர், கணக்கு. பதினெட்டைத் தாண்டியவரை அமர்த்தினால் இவை ஒன்றும் இல்லை. மேலும் பதினாறு வயதுப் பிள்ளை அடுத்த ஆண்டே நான்கு விரற்கடை வளர்ந்துவிடும், குரல் மாறிவிடும். இருபத்து நான்கு வயதினர் அவ்வாறு மாறார். குழந்தைகளைக் காக்க வந்த சட்டத்தின் நிழலில், திரையிலிருந்து மெய்யான பதினாறு வயது மறைந்துபோயிற்று.

மறைந்ததனால் என்ன கேடு என்று கேட்பீர்கள். நான் தலைமையாசிரியனாக இருந்தபோது பதினொன்றாம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். நன்றாகப் படிப்பவன், பந்து விளையாட்டில் விருப்பமுள்ளவன். திடீரென்று விளையாட்டு நேரத்தில் ஒதுங்கத் தொடங்கினான். பிறகு பள்ளிக்கு வருவதே குறைந்தது. தீய சேர்க்கை என்று நானே முடிவுகட்டி, தந்தையை வரவழைத்து அவர் முன்னே அவனைக் கடிந்துகொண்டேன். அது என் பிழை. இன்றும் அதற்காக வருந்துகிறேன். சில நாள் கழித்து அவனே என் அறைக்கு வந்தான். “சார், எனக்கு ஏதோ நோய் இருக்கு. வீட்ல சொல்ல முடியலை” என்றான். உயரம் போதவில்லை, தோள் அகலவில்லை, மீசை அரும்பவில்லை என்பதே அவனுடைய நோய். தேர்வுக் கட்டணத்துக்கு வீட்டில் கொடுத்த பணத்தை, உயரம் கூட்டும் என்று விளம்பரம் செய்த ஒரு தூளை அஞ்சலில் வரவழைப்பதற்குச் செலவிட்டிருந்தான். தன்னை யாரோடு ஒப்பிட்டுப் பார்த்தான் என்று விசாரித்தேன். அவன் நாள்தோறும் பார்த்த ஒரு தொடரில் பதினொன்றாம் வகுப்பு மாணவனாக நடித்த ஒருவரின் படத்தைக் குறிப்பேட்டிலிருந்து எடுத்துக் காட்டினான். கரிய மீசை, திரண்ட புயம். அந்த நடிகருக்கு 26 வயது என்று அந்தப் படத்தின் கீழேயே அச்சாகியிருந்தது. பையன் அதனைப் படிக்கவே இல்லை!

அரசு மருத்துவர் ஒருவரிடம் அனுப்பினேன். அவர் உடலைச் சோதித்து, ஒரு குறையும் இல்லை, வளர்ச்சி இனிமேல்தான் விரையும் என்று கூறித் தூளைக் குப்பையில் எறியச் சொன்னார். பையன் முழுதும் தெளியவில்லை. அடுத்த நாள் என் வீட்டிலிருந்து ஒரு பழைய புகைப்படத்தை எடுத்துச் சென்றேன். 1976-இல் எங்கள் பதினொன்றாம் வகுப்பு மாணவர் எல்லாரும் நின்று எடுத்த படம். நாற்பது பேரில் மீசை என்று சொல்லத்தக்கது நான்கைந்து பேருக்குத்தான் இருந்தது. முன்வரிசையில் தரையில் அமர்ந்திருந்த சிறுவனைக் காட்டி, இவன் யார் தெரிகிறதா என்று கேட்டேன். அவன் நெடுநேரம் பார்த்துவிட்டு, “நீங்களா சார்?” என்றான். அந்தப் படத்தைத் தனக்குச் சில நாள் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டு போனான். அடுத்த வாரம் விளையாட்டுத் திடலில் அவனைக் கண்டேன்.

மெய்யான வயதினரையே அமர்த்திய தொடர்களும் சில உண்டு. 1988-இல் தொடங்கிய ‘வொண்டர் இயர்ஸ்’ தொடரில் பன்னிரண்டு வயதுச் சிறுவனாக வந்த ஃப்ரெட் சாவேஜுக்கு அப்போது 11 வயது. தொடர் நடக்க நடக்க அவன் வளர்ந்தான். கதையும் அவனோடு வளர்ந்தது. இதற்கு நேர்மாறானது கொரியப் போரைப் பற்றிய ‘மாஷ்’ என்னும் தொடர். அந்தப் போர் 1950 முதல் 1953 வரை, மூன்றே ஆண்டு நடந்தது. தொடரோ 1972 முதல் 1983 வரை நடந்தது! அதில் மருத்துவராக நடித்த ஆலன் ஆல்டா 36 வயதில் போர்முனைக்குச் சென்று 47 வயதில் திரும்பினார். கதைக் கணக்கில் அவருக்கு மூன்று வயதுகூடக் கூடியிருக்காது. கேலிச்சித்திரத் தொடர்களுக்கு இந்த இடர் இல்லை. 1989-இல் தொடங்கிய ‘சிம்சன்ஸ்’ தொடரின் பார்ட் என்னும் சிறுவனுக்கு அன்றும் பத்து வயது, இன்றும் பத்து வயது. அவனுக்குக் குரல் கொடுக்கும் நான்சி கார்ட்ரைட் அறுபத்தைந்தைக் கடந்துவிட்டார்.

பழைய தொடர்களை இன்று காணும் இளைஞர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: அக்காலத்தவர் ஏன் தம் வயதினும் முதியவராகத் தோன்றுகின்றனர்? 1971-இல் தொடங்கிய ‘ஆல் இன் த ஃபேமிலி’ என்னும் தொடரில் குடும்பத் தலைவராக வந்த கரோல் ஓகானருக்கு அப்போது 46 வயது. இன்று பார்ப்பவர் அறுபது என்பர். இதில் ஒரு பகுதி கண்ணின் மயக்கம். தலைவாரும் முறையும் மூக்குக்கண்ணாடியும் உடையின் வெட்டும் நம் பாட்டனாரை நினைவூட்டுவதால் முகமும் பாட்டனார் முகமாகிவிடுகிறது. மற்றொரு பகுதி மெய்யே. 1965-இல் அமெரிக்கரில் வயது வந்தோருள் நூற்றுக்கு 42 பேர் புகைபிடித்தனர். புகை தோலைச் சுருக்கும் என்பது மருத்துவர் கண்ட உண்மை. 1988-94 காலத்தும் 2007-10 காலத்தும் அமெரிக்காவில் எடுத்த உடல்நலக் கணக்குகளை ஒப்பிட்டு 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பிற்காலத்தவரின் உடல் அதே வயதுடைய முற்காலத்தவரின் உடலைவிடச் சற்று இளமையாக இருப்பதாகக் காட்டிற்று. ஆகவே உங்கள் பாட்டனாரின் பழைய படத்தைப் பார்த்து நீங்கள் வியப்பது முற்றிலும் பொய்யான வியப்பன்று.

கிளைவ் டன் பிற்காலத்தில் என்னவானார் என்று சொல்ல மறந்தேன். 1971 ஜனவரியில், பேரக்குழந்தைகள் பாட்டனைப் பற்றிப் பாடும் ஒரு பாட்டை அவர் பாடி வெளியிட்டது பிரிட்டனில் முதலிடம் பெற்றது. அப்போது அவருக்கு 51 வயது. கேட்டவரெல்லாம் அவரை எண்பது வயதினராகவே எண்ணினர். 2012-இல் தம் 92-ஆம் வயதில் அவர் காலமானார். கார்ப்பரல் ஜோன்சைவிட இருபதாண்டு மூத்தவராகி மறைந்தார்.

2020-ஆம் ஆண்டு, கொரோனா நோய்க்காக நாடே வீட்டுக்குள் அடைந்திருந்த நாள்களில், தூர்தர்ஷன் மகாபாரதத்தை மீண்டும் ஒளிபரப்பிற்று. எனக்கு அப்பொழுது அறுபது வயது. பேரனை மடியில் இருத்திப் பார்த்தேன். புதிய பெரிய திரை. எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. பீஷ்மர் வந்தார். முன்பு நான் காணாத ஒன்றைக் கண்டேன்: வெண்தாடி கன்னத்தில் ஒட்டியிருந்த விளிம்பும், அதன் மேலே ஓர் இளைஞனின் சுருக்கமற்ற கண்களும். பேரன் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

“தாத்தா, அந்தத் தாத்தா உங்களைவிடச் சின்னப் பையனா?” என்று கேட்டான்.

“ஆமாம்” என்றேன். “அப்போது நானும் அப்படித்தான் இருந்தேன்.”

அவன் நம்பவில்லை.